ஒரு கார்டு, இரண்டு அடுப்பு: மலை வேலைக்குப் போகும் குடும்பங்களின் சோற்றுக் கணக்கு

முன்னுரிமை ரேஷன் அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் விரல் ரேகை வைத்து ஆதாரைச் சரிபார்க்க வேண்டும் என்று 2024, 2025 ஆண்டுகளில் அறிவிப்பு வந்தபோது, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் ஒரே கேள்விதான். வீட்டில் இருவர் மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்தில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் இறங்கி வந்து ரேகை வைக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களா? கேரளக் கடையில் வைத்தால் செல்லுமா? அங்கேயே அரிசியும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே, அப்படி வாங்கினால் இங்கே வீட்டுக்கு வரும் அரிசி குறைந்துவிடுமா?

கேள்விகள் ரேஷன் கடையைப் பற்றியவை. ஆனால் அவற்றின் அடியில் இருப்பது பெரிய விஷயம். சாப்பாட்டுக்காகத்தான் மனிதர்கள் மலை ஏறுகிறார்கள். கூலியும் கீழே கிடைப்பதைவிடக் கூடுதல். அப்படியிருந்தும் அந்த வீடுகளில் ஏன் மாசிக்குப் பிறகு பருப்புச் சட்டி அடுப்பேறுவது குறைகிறது? இதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

உணவுப் பாதுகாப்பு: சொல்லின் பொருள்

‘உணவுப் பாதுகாப்பு’ என்றால் கிடங்கில் அரிசி இருப்பது என்றுதான் முதலில் தோன்றும். 1996 நவம்பரில் ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு அதைவிட விரிவாக வரையறுத்தது: எல்லா மனிதருக்கும், எல்லாக் காலத்திலும், சுறுசுறுப்பான ஆரோக்கிய வாழ்வுக்குப் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு கைக்கு எட்ட வேண்டும். இதை நான்கு கூறுகளாகப் பிரிப்பது வழக்கம்.

1. இருப்பு: ஊரில், சந்தையில் உணவு இருக்கிறதா?
2. எட்டுதல்: இருக்கும் உணவை இந்தக் குடும்பத்தால் வாங்க முடிகிறதா, அல்லது உரிமையாகப் பெற முடிகிறதா?
3. பயன்பாடு: வாங்கியதைச் சமைத்து, உரியவர் உரிய நேரத்தில் சாப்பிட்டு, அது உடம்பில் ஒட்டுகிறதா?
4. நிலைத்தன்மை: மேற்சொன்ன மூன்றும் ஆண்டு முழுக்க நிற்கின்றனவா, அல்லது ஆறு மாதம் இருந்து ஆறு மாதம் போகின்றனவா?

கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை முதல் கூறில் குறையே கிடையாது. பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பூமி இது. கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை சாலையின் இருபுறமும் வயல். வாழை, திராட்சை, தென்னை என்று வேறு பயிர்களும் உண்டு. இங்கிருந்து காய்கறி ஏற்றிய வண்டிகள் தினமும் குமுளி வழியாகக் கேரளத்துக்கு ஏறுகின்றன. அந்த வண்டிகள் போகும் அதே சாலையில்தான், சோற்றுக்கு வழி தேடி ஆட்களை ஏற்றிய ஜீப்களும் ஏறுகின்றன.

இந்த முரணைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் நன்றாக விளக்கியிருக்கிறார். 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அவர், உணவு இல்லாததால் மட்டும் மக்கள் பட்டினி கிடப்பதில்லை, உணவின்மேல் அவர்களுக்கு இருக்கும் உரித்து அறுந்துபோவதால் பட்டினி கிடக்கிறார்கள் என்று காட்டினார். உரித்து என்பது சட்ட உரிமை மட்டும் அல்ல. சொந்த நிலத்தில் விளைவது, உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது, கைக்காசுக்கு வாங்குவது, அரசு தருவது எல்லாம் அதில் அடங்கும். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு நெல் வயலில் இருந்த பழைய உரித்து நெல் கூலி. அறுப்புக்குப் போனால் களத்திலேயே நெல்லாக அளந்து போட்டார்கள். விலைவாசி ஏறினாலும் அந்த மரக்கால் நெல்லின் சாப்பாட்டு மதிப்பு குறையாது. அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த நெல் மூட்டை வீடு வந்து சேர்வது பெரும்பாலும் நின்றுபோனது. நெல் அங்கேயே விளைகிறது, ஆனால் அறுத்த கைக்கு அதில் பங்கு கிடையாது. காசாகக் கூலி தேடித்தான் அந்தக் கை மலைக்குப் போனது.

போவதில் உள்ள வகைகள்

‘இடம்பெயர்வு’ என்ற ஒற்றைச் சொல் இந்த எல்லைப் பகுதியில் நடப்பதை மறைத்துவிடுகிறது. குறைந்தது மூன்று விதமாகப் போகிறார்கள். சாப்பாட்டின் மேல் ஒவ்வொன்றின் விளைவும் வேறு.

1. அன்றாடம் போய்வருவது. விடியுமுன் ஜீப் வரும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளில் ஒன்றில் ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தம்பாறை, பூப்பாறைப் பக்கத் தோட்டங்களில் இறக்கிவிடும். இருட்டும்போது திரும்பும். பெரும்பாலும் பெண்கள்.

2. தங்கி வேலை பார்ப்பது. ஒரு வாரமோ, இரண்டு வாரமோ, ஒரு பருவம் முழுவதுமோ தோட்டத்தில் தங்குவது. தோட்டக்காரர் கொடுக்கும் அறை, சொந்தச் சமையல். திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் வீடு வருவார்கள்.

3. குடும்பமாக அங்கேயே இருந்துவிடுவது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தலைமுறை கடந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள். மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருப்பவர்களின் வேர்கள் தென்காசி, தூத்துக்குடி, நெல்லை வரை போகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தபோது, கயத்தாறு பக்கத்து வீடுகளில் அழுகை கேட்டது அதனால்தான்.

முதல் வகையினர் எந்தக் கணக்கிலும் இடம்பெயர்ந்தவர் அல்லர். இரவு தமிழ்நாட்டில் தூங்குகிறார்கள், ஆகவே தமிழ்நாட்டு மக்கள். பகலெல்லாம் கேரளத்தில் உழைக்கிறார்கள். கேரள அரசு வெளிமாநிலத் தொழிலாளரை ‘அதிதி தொழிலாளர்’, அதாவது விருந்தினர் என்று சொல்லித் திட்டங்கள் தீட்டுகிறது. மாலையில் இறங்கிவிடுகிறவர் அந்த விருந்திலும் சேர்த்தி இல்லை. கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் அதிகம் படாமல் போனவர்கள் இவர்கள்தான்.

கூலி சோறாக மாறும் பாதை

ஏன் போகிறார்கள் என்பதற்கு எளிய விடை கூலி. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23இல் கிராமப்புற வேளாண் வேலைக்குக் கேரளத்தில் ஆண்களின் சராசரி நாள்கூலி 764 ரூபாய். நாட்டின் சராசரி 346 ரூபாய். இரு மடங்குக்கும் மேல். ஆனால் இந்த எண்ணை அப்படியே ஏலத்தோட்டத்துக்குப் பொருத்தக் கூடாது. தோட்டத் தொழிலுக்கான கூலி தனியாக நிர்ணயிக்கப்படுவது, பொது வேளாண் கூலிக்குக் கீழேதான் இருந்துவந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு சாலையில் அமர்ந்தபோது தேயிலைத் தோட்ட நாள்கூலி 232 ரூபாய். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330 என்று உயர்ந்தது. கேரளக் கூலி என்று பொதுவாகப் பேசும்போது, தோட்டத்தில் குனிந்து காய் எடுக்கும் பெண்ணின் கூலி அதில் பாதிதான் என்ற நிலை இருந்ததை மறக்க முடியாது.

அப்புறம், கூலி முழுவதும் சட்டிக்கு வந்து சேர்வதில்லை. இடையில் மூன்று ஓட்டைகள்.

1. பருவ ஓட்டை. ஏலக்காய் எடுப்பு ஆடி வாக்கில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். அப்போது ஆள் போதாது, ஜீப் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் களை எடுப்பு, கவாத்து, சருகு மூடுவது என்று கொஞ்சம் வேலை இருந்தாலும் எல்லாருக்கும் இருக்காது. வருமானம் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வற்றுகிறது. வயிறு அப்படிப் பருவம் பார்ப்பதில்லை.

2. கடன் ஓட்டை. வற்றிய மாதங்களில் பலசரக்குக் கடைப் பற்று, ஜீப்காரரிடமோ கங்காணியிடமோ அட்வான்ஸ், மகளிர் குழுக் கடன். காய் எடுப்பு தொடங்கியதும் வரும் கூலி முதலில் போவது அந்தக் கடனுக்கு. வாரத் தவணைக்கு நாள் தவறக் கூடாது. கறி, முட்டை, பருப்பு வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். குடும்பம் எதைக் குறைக்கும் என்பது தெரிந்ததுதானே. அட்வான்ஸ் வாங்கியவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பக்கத்துத் தோட்டத்தில் கூடுதல் கூலி கொடுத்தாலும் அங்கே போக முடியாது.

3. விலை ஓட்டை. ஏலக்காய் விலை ஆடும் ஆட்டம் அசாதாரணமானது. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏல விற்பனை மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்றே ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. விலை ஏறும்போது கூலி அந்த வேகத்தில் ஏறாது, ஆனால் விழும்போது தோட்டக்காரர் ஆளைக் குறைப்பார், களை எடுப்பைத் தள்ளிப்போடுவார். 2024 கோடையில் இடுக்கியில் மழையின்றி ஏலச்செடிகள் காய்ந்து மடிந்தபோது, போடி, தேவாரம் பக்கத்துக் கூலி வீடுகளும் அதன் சூட்டை அனுபவித்தன.

இங்கே ஒரு கோட்பாட்டையும் சொல்லியாக வேண்டும். 1980களில் ஓடட் ஸ்டார்க் போன்ற பொருளாதார அறிஞர்கள், வேலை தேடிப் போவது தனி மனிதரின் ஆசை அல்ல, குடும்பம் ஒன்றாக எடுக்கும் காப்பீட்டு முடிவு என்று வாதிட்டார்கள். ஒருவர் உள்ளூர் வயலில், ஒருவர் வெளியூரில். இங்கே மழை பொய்த்தால் அங்கிருந்து பணம் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் காப்பீடு பாதிதான் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. பெரியாற்றுத் தண்ணீரும் ஏலச்செடியும் ஒரே மலைமேல் விழும் ஒரே மழையை நம்பியிருக்கின்றன. மலையில் வறட்சி என்றால் கீழேயும் முதல் போகம் தள்ளிப்போகும். இரண்டு கூலியும் ஒன்றாக இறங்கும் ஆண்டில் குடும்பத்துக்கு மிஞ்சுவது ரேஷன் கார்டு ஒன்றுதான். அதனால்தான் அந்த அட்டையைப் பற்றிய ஒரு சின்ன அறிவிப்புக்கும் இவ்வளவு பதற்றம்.

கார்டு கணக்கு

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் மக்கள் வரை மானியத் தானியத்துக்கு உரிமை தருகிறது. இது நாடு முழுமைக்குமான அளவு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மிக வறிய அந்தியோதயா குடும்பத்துக்கு மொத்தமாக 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இந்தத் தானியத்துக்கு விலை கிடையாது. தமிழ்நாடும் கேரளமும் இச்சட்டத்தை 2016 நவம்பரில் செயல்படுத்தின.

தமிழ்நாடு அதற்கு முன்பிருந்தே எல்லாருக்குமான ரேஷன் முறையை வைத்திருந்தது, 2011 ஜூன் முதல் அரிசியை விலையின்றிக் கொடுத்துவந்தது. எனவே மத்தியச் சட்டத்தின் பட்டியலில் வராத குடும்பங்களுக்கும் மாநிலம் தன் செலவில் அரிசி தருகிறது. குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே ‘அரிசி கார்டு’. கடையில் ஒரே வரிசையில் நின்று ஒரே மூட்டையிலிருந்து வாங்குகிறார்கள். ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீடு வேறு:

1. ‘பிஹெச்ஹெச்’ (PHH): முன்னுரிமைக் குடும்பம். மத்தியச் சட்டத்துக்குள் வருவது.
2. ‘பிஹெச்ஹெச்-ஏஏஒய்’ (PHH-AAY): அந்தியோதயா. இதுவும் மத்தியச் சட்டத்துக்குள் வருவது.
3. ‘என்பிஹெச்ஹெச்’ (NPHH): முன்னுரிமையற்ற குடும்பம். அரிசி உண்டு, ஆனால் அது மாநிலத்தின் அரிசி.

‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ என்பது முதல் இரண்டு வகைக்கு மட்டும்தான் மாநிலம் தாண்டிச் செல்லும். கேரளம் 2020 ஜனவரியில் இதில் சேர்ந்தது, தமிழ்நாடு 2020 அக்டோபரில். மூன்றாவது வகை அட்டை தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் செல்லும், குமுளியைத் தாண்டினால் செல்லாது. ஒரே தெருவில் இருவர், ஒரே ஜீப்பில் போகிறவர்கள், ஒருவருக்குக் கட்டப்பனைக் கடையில் அரிசி கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். கடைக்காரர் மேல் தவறில்லை.

சரி, முன்னுரிமை அட்டை என்றே வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கு, கோம்பையில் ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம். தகப்பனும் மூத்த மகனும் சாந்தம்பாறையில் தங்கல் வேலை. தாய், பாட்டி, பள்ளிக்குப் போகும் மகள் வீட்டில். மத்தியச் சட்டப்படி மாத உரிமை 25 கிலோ. தகப்பன் கேரளக் கடையில் ரேகை வைத்து 10 கிலோ வாங்கினால், மீதி 15 கிலோ கோம்பையில் கிடைக்கும். பகுதி பகுதியாக வாங்க விதியில் இடம் உண்டு. மொத்தம் ஏறவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஒரு பானைச் சோற்றை இரண்டு பானையாக மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

இதுவரை அரிசி. அதைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. தமிழ்நாட்டுக் கடையில் அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இவை மாநிலத் திட்டங்கள், அதனால் எல்லை தாண்டாது. தாண்டினாலும் ஒரு கிலோ பருப்பை இரண்டு அடுப்புக்குப் பிரிக்க வேண்டும். மலைமேல் இருப்பவர் பருப்பையும் எண்ணெயையும் மலைக்கடை விலைக்குத்தான் வாங்க வேண்டும். அங்கே கிடைக்கும் ரேஷன் அரிசி பல நேரம் ‘மட்டா’ எனப்படும் கேரளச் சிவப்பரிசி. நல்ல அரிசிதான், சத்தும் அதிகம். ஆனால் வேகவைக்க நேரமும் விறகும் கூடுதலாகக் கேட்கும், எட்டு மணி நேரம் குனிந்து வேலை பார்த்தவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரியது. கடைசியில் என்ன நடக்கிறது? மலைமேல் சோறும் ஊறுகாயும், இல்லாவிட்டால் கப்பைக்கிழங்கும் கட்டன் சாயாவும்.

‘அப்படியானால் கார்டையே கேரளத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். குடும்பத்தோடு அங்கேயே இருப்பவர்களிடம் அதிகாரிகள் இதைத்தான் கேட்கிறார்கள். கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிற அட்டைகள். மஞ்சளும் பிங்க்கும்தான் மத்தியச் சட்டத்துக்குள் வருபவை, அவற்றுக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் முன்னுரிமையில் இருந்தவர் அங்கே போய்ப் புதிதாக விண்ணப்பித்தால் வெள்ளை அட்டையில் உட்கார நேரலாம். அதைவிட முக்கியம், தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை அரிசிக்கு மட்டும் அல்ல. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் வருகிறது. பொங்கல் பரிசும் அட்டைக்குத்தான். முகவரிச் சான்றும் அதுதான். அட்டையை விட்டால் ஊரையே விட்டது போல. தேவிகுளம், பீருமேடு பக்கம் சில குடும்பங்கள் இரண்டு மாநில அட்டையையும் வைத்திருந்தார்கள் என்பது தேர்தல்தோறும் செய்தியாகிறது. ஆதார் இணைப்புக்குப் பிறகு அது முடியாது, விதிப்படி அது தவறும்தான். ஆனால் அதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு மாநிலத்திலும் வாழ்கிற குடும்பத்தை ஒரே மாநிலத்தில் வாழ்வதாகச் சட்டம் பாவித்தது, அந்தக் குடும்பம் தன் வாழ்க்கைக்கு ஏற்றபடி அட்டை வைத்துக்கொண்டது.

சமைப்பது யார், எப்போது?

உணவுப் பாதுகாப்பின் மூன்றாவது கூறான பயன்பாட்டைப் பேசும்போது எல்லாரும் சத்துக்குறைவுக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தரைக்கு ஜீப் என்றால் அந்தப் பெண் எழுவது மூன்றரை மணிக்கு. மதியச் சோற்றைத் தூக்குவாளியில் கட்டி, பிள்ளைகளுக்கு ஆக்கி வைத்துவிட்டுப் போவார். அந்தச் சோறு மலைமேல் திறக்கும்போது சில்லென்று இருக்கும். வீட்டில் பிள்ளை அதே சோற்றை எட்டு மணிக்கோ, இரவிலோ சாப்பிடும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் செய்வது பெரிய காரியம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. விடியலில் தாய் கிளம்பிவிடும் வீட்டுக்கு அந்தச் சூடான உப்புமாவும் பொங்கலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் மேலே: தாய் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மதியச் சத்துணவில் முட்டையும் உண்டு. ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளை ஓரளவு காப்பாற்றப்பட்டுவிட்டது.

மிஞ்சியது கைக்குழந்தையும் தாயும். அங்கன்வாடி திறப்பது ஒன்பது, பத்து மணிக்குத்தான். அதுவரை பாட்டி இருந்தால் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களாவது வேலை பார்க்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் பல ஏலத்தோட்டங்கள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல. பெரியதாக இருந்தாலும், அன்றாடம் போய்வரும் தாயின் காப்பக உரிமை கேரளத்தில் இருக்கிறது, பிள்ளை தமிழ்நாட்டில் இருக்கிறது. வளைந்து நெளியும் மலைப்பாதையில் நெருக்கியடித்த ஜீப்பில் யாரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

தாயின் நிலையைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கேரளத்தில் 36.3 சதவீதம். விலையில்லா அரிசி இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கும் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் குறைவு என்றால், தட்டில் சோறு இருக்கிறது, சோற்றோடு சேர வேண்டியது இல்லை என்றுதான் பொருள்: கீரை, பருப்பு, முட்டை, மீன், பழம். இவை அத்தனையும் ரொக்கக் காசு கேட்பவை, சமைக்க நேரம் கேட்பவை. மலைக்கூலி காசைத் தருகிறது, நேரத்தை எடுத்துக்கொள்கிறது. தங்கல் வேலைக்கு ஆண் மட்டும் போன வீட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி: தாய் வீட்டில் இருப்பதால் நேரம் உண்டு, காசு எப்போது, எவ்வளவு வரும் என்பது நிச்சயமில்லை. சனிக்கிழமைச் சம்பளம் மலையிலேயே டாஸ்மாக்குக்கு ஈடான கடையில் கரைந்து வந்தால், அந்த வாரம் வீட்டுக்கு ரேஷன் அரிசி மட்டும்தான்.

மலைப்பாதை அடைபட்ட இரண்டு முறை

நிலைத்தன்மை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இந்தப் பள்ளத்தாக்கு இரண்டு முறை பார்த்திருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது குமுளிப் பாதை மூடப்பட்டது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கிடைத்த வழியில் இறங்கி ஓடிவந்தார்கள். அது காய் எடுப்புக் காலம், ஆண்டில் நாலு காசு சேரும் ஒரே காலம். 2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லை மூடியது, ஜீப்கள் நின்றன.

இரண்டாவது முறை இரு அரசுகளும் உதவின. தமிழ்நாடு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் கொடுத்தது. மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதல் தானியம் கொடுத்தது. கேரளம் தன் அட்டைதாரர்களுக்கும் விருந்தினர் தொழிலாளருக்கும் உணவுப் பை கொடுத்தது. கீழே இருந்தவருக்குத் தமிழ்நாட்டு அரிசி வந்தது, நின்றுபோன கேரளக் கூலிக்கு யாரும் பொறுப்பில்லை. மேலே மாட்டிக்கொண்டவரின் அட்டை கீழே இருந்தது, தமிழ்நாடு அப்போது ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்திருக்கவில்லை. 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஜூலை 31க்குள் அத்திட்டத்தைச் செயல்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டதன் பின்னால் இப்படி நாடெங்கும் நடந்தவை இருந்தன.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில், குடும்பங்கள் கையில் இருப்பவை.

1. அட்டையில் குறியீட்டைப் பாருங்கள். ‘பிஹெச்ஹெச்’ அல்லது ‘பிஹெச்ஹெச்-ஏஏஒய்’ என்றால் கேரளத்தில் செல்லும்.
2. ரேகைச் சரிபார்ப்புக்கு மலை இறங்கத் தேவையில்லை. இருக்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே வைக்கலாம். கேரளத்தில் இதை ‘மஸ்டரிங்’ என்பார்கள்.
3. வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவி மறுத்தால் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.
4. மலைமேல் இருப்பவர் தன் பங்கை மட்டும் வாங்கட்டும், மீதி வீட்டுக்கு இருக்கும். முழுவதும் எடுத்துவிட்டால் வீட்டில் அந்த மாதம் கிடையாது.
5. மறுத்தால் 14445 என்ற எண்ணிலும், மாநில உணவுத் துறையின் 1967 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அரசுகள் செய்ய வேண்டியவை இதைவிடப் பெரியவை. வெளிமாநிலத் தொழிலாளர் பொது விநியோகப் பலனைச் சொந்த மாநிலத்திலோ வேலை பார்க்கும் மாநிலத்திலோ பெற வழிசெய்ய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ‘பொது விநியோகப் பலன்’ என்பதில் பருப்பும் எண்ணெயும் அடங்க வேண்டும். இடுக்கியும் தேனியும் ஒட்டிக் கிடக்கும் மாவட்டங்கள். இரு மாநில உணவுத் துறைகளும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிய தொகை அல்ல இது. அதேபோல, தேவாரத்துக்காரர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் சாக்குலூத்து மெட்டுச் சாலை வந்தால், போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிப் போகும் நேரம் மிஞ்சும். அந்த நேரம் அப்படியே அடுப்படிக்கு வரும்.

எல்லாவற்றிலும் உடனே செய்யக் கூடியது அங்கன்வாடி நேரம். எந்தெந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு ஜீப் கிளம்புகிறது என்பது பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்களில் மட்டும் ஐந்து மணிக்கு மையத்தைத் திறக்க, உதவியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்து, காலையில் ஒரு சத்துமாவுக் கஞ்சியும் கொடுத்தால் போதும். காய் எடுப்பு ஆடியில் தொடங்குகிறது. ஆணை வைகாசியிலாவது வர வேண்டும்.